யாரைக் கேட்டாலும் அவள்

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னேன்" என்று நான்கு பக்கத்தில் திருத்தம் வரும். கேட்காத கேள்விக்கே பதில் சொல்கிறவளுக்கு நானாக ஒரு காரணத்தைக் கொடுப்பானேன்?

கேட்காத கேள்வி என்று சொன்னது பிழை. கேள்வி இருக்கும். அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் யார் வாயிலிருந்து எந்தக் கேள்வி விழுந்தாலும் அது நிலத்தைத் தொடுமுன் அவள் பிடித்துவிடுவாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்றால் ஒரே வசனம்தான்: "கேட்ட ஆக்கள் பாவமெல்லோ!"

பத்தாம் வகுப்பில் நானும் அவளும் ஒரே வாங்கில் இருந்தோம். ஒருநாள் வித்தியாதரிசி வந்தார். பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வரும் அந்த உத்தியோகத்தரைக் கண்டால் ரீச்சர்மாருக்கே நா வறண்டுவிடும். அவர் முன்வரிசையிலிருந்த, சல்லிக் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, "இலங்கையில் மிக நீண்ட ஆறு எது?" என்றார். அந்தப் பிள்ளை எழும்பிப் பாவாடையைச் சரிசெய்வதற்குள், "மகாவலி சேர். மூதூருக்குக் கிட்டக் கடலில விழுகுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"உன்னையா கேட்டனான்?"

"இல்லை சேர்."

"அப்ப ஏன் சொன்னனீ?"

"நீங்க கேட்டனீங்க சேர்."

வித்தியாதரிசி தலைமை ஆசிரியையிடம் திரும்பி, "இந்தப் பிள்ளை எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"ஓம் சேர்" என்றாள் அவள்.

இன்னொரு நாள் மூதூர் லோஞ்சில் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தோம். கரை மறைகிற தூரத்துக்கு வந்த பிறகு ஒரு முஸ்லிம் நானா தன் மனைவியைப் பார்த்து, "கதவைப் பூட்டினதா இல்லையா?" என்றார். அந்த அம்மா திகைத்துப்போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். லோஞ்சைத் திருப்பச் சொல்லலாமா என்ற அளவுக்கு நானா போய்விட்டார். "பூட்டித்தான் இருக்கு. திறப்பு உங்கட பெல்ற்றில தொங்குது" என்றாள் இவள். நானா பார்த்தார். தொங்கியது. மூதூரில் இறங்கும்போது அவர் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு தோடம்பழம் தந்தார். பதில் சொல்லி அவள் சம்பாதித்ததில் எனக்கும் பங்கு கிடைத்தது அந்த ஒருமுறைதான். மற்றப்படி அவளுக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு ஏச்சில்தான் பங்கு.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. மாப்பிள்ளையின் தாய் அக்காவைப் பார்த்து, "பிள்ளைக்குச் சமையல் தெரியுமோ?" என்று கேட்டார். அது பதிலுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. எல்லா வீட்டிலும் கேட்பார்கள், எல்லாப் பெண்ணும் தலையைக் குனிவாள், எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் குசினிக்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது: "புட்டு அவிப்பா. குழம்பு சரிவராது." அக்கா ஒரு வருடம் அவளோடு கதைக்கவில்லை. அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. பிறகு கிடைத்த அத்தான் தங்கமான மனிதர் என்பது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து, கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்கு அவளைக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கையின் சட்டமாயிற்று. அவளுடைய வீட்டிலேயே கலியாணப் பேச்சு நடந்தால் என்ன செய்வது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் வீட்டுக்குப் பொறுப்பு. வெள்ளைக்காரக் கப்பற்படை போன பிறகு வெறிச்சோடிக் கிடந்த துறைமுகக் களஞ்சியத்தில் அவர் கிளாக்கர். வருகிற கப்பலுக்குக் கயிறும் தாரும் எடுத்துக் கொடுப்பது வேலை. நல்ல மனிதர். சாப்பாட்டில் பிரியம், நித்திரையில் அதைவிடப் பிரியம். பட்டம் எடுத்தால் பதவி உயரும் என்று கந்தோரில் யாரோ சொல்ல, தபாலில் பாடம் அனுப்புகிற கொழும்பு நிலையமொன்றில் கணிதப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். பல்கலைக்கழகத்துக்கு உள்ளே இருந்து படிக்கிறவர்களுக்கு என்ன பாடமோ, இதுவும் அதே பாடம். முதல் பொதி வந்தது. பிரித்து ஒரு பக்கம் பார்த்தார். வீட்டு அலுமாரிக்கு ஒரு கால் கட்டை. பொதியை அதற்குக் கீழே செருகினார். அலுமாரி ஆடாமல் நின்றது. பட்டப் படிப்பால் தனக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

அலுமாரிக்குக் கீழே உருண்டுபோன ஊசியைத் தேடப் போனபோது அவள் அந்தப் பொதியைக் கண்டாள். கடைசிப் பக்கத்தில் இங்கிலீசில் பத்துக் கேள்விகள் இருந்தன.

"அண்ணா, இதுக்கெல்லாம் ஆர் பதில் அனுப்புறது?"

"ஒருத்தரும் இல்ல."

"கேள்வி கேட்டிருக்கினமே!"

"கேட்டா கேக்கட்டும். அலுமாரி ஆடுது, அதை வை."

அவள் அதை வைக்கவில்லை. பதில் தெரியாத கேள்வியை அவள் வாழ்க்கையில் சந்தித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் காய்ச்சல் வந்தது போலாகிவிட்டது. அண்ணனின் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களைத் தூசி தட்டினாள். அகராதி ஒன்றை என்னிடமிருந்து இரவல் வாங்கினாள். இன்றுவரை திருப்பித் தரவில்லை. எங்கள் கணக்கு ரீச்சர் அந்த வருடம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்தவளோ மடியில் பாடத்தை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் ஒவ்வொரு அடியாக நுழைந்துகொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து முதல் பாடத்துக்குப் பதில் போயிற்று. பதிந்தது அண்ணனின் பெயரில் என்பதால் கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும். ஆகவே அவள் எழுதிக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பார்த்து எழுதினார். நூறுக்குப் பதினெட்டுப் புள்ளி வந்தது.

"என்ர பேரில பதினெட்டோ? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?" என்று அண்ணன் துள்ளினார்.

"அடுத்தது கூட வரும்" என்றாள் அவள். வந்தது. முப்பத்தைந்து, பிறகு ஐம்பத்திரண்டு. இரண்டாம் வருடம் தொண்ணூற்றொன்று வந்த அன்று அண்ணன் தன்னையறியாமல் காலரைச் சரிசெய்துகொண்டதை நானே கண்டேன்.

அவர் பார்த்து எழுதுகிற காட்சி பார்க்க வேண்டிய ஒன்று. நண்டுக்கறியும் சோறும் வயிற்றுக்குள் போயிருக்கும். கண் சொக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல், கோடு கோடாகக் கீறுவார். தொகையிடலுக்குப் போடுகிற நீண்டு வளைந்த குறிக்கு அவர் வைத்த பெயர் தூண்டில். தூண்டிலைச் சில நாள் வலம் பார்க்கவும் சில நாள் இடம் பார்க்கவும் போடுவார். வரியின் கடைசியில் வருகிற dx என்ற இரண்டு சின்ன எழுத்துகளைத் தங்கச்சி அழகுக்குப் போடுகிறாள் என்று நினைத்து, நேரம் போகிறது என்று ஆறு மாதம் விட்டுவிட்டார். "விடை சரி. நடுவில் என்ன நடந்தது?" என்று சிவப்பு மையில் எழுதி வரும். கேள்வி அல்லவா? அதற்கும் அவள் ஒரு பக்கம் பதில் எழுதுவாள், அதையும் அண்ணன் பார்த்து எழுத வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக் கணக்கை அவள் தூண்டில் போட்டுச் செய்துவிட்டாள். ரீச்சர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கேள்விக்குறி போட்டால் விடுவாளா? அடுத்த நாள் இரண்டு தாள் விளக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். ரீச்சர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவளுடைய கொப்பியில் கேள்விக்குறி எதுவும் போடவில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு நிலாவெளியில் சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். பட்டதாரி மருமகன் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தவர். அண்ணன் பட்டத்துக்குப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டதும், சாதகத்தோடு திருத்திய விடைத்தாள்களையும் அனுப்பச் சொன்னார். சாதகத்தை ஐயரிடம் கொடுத்துவிட்டு, விடைத்தாளைத் தானே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாராம். சாதகத்தில் செவ்வாய் கொஞ்சம் இடித்தது. தொண்ணூற்றொன்று அதைச் சரிக்கட்டியது. பெண்ணை அண்ணன் ஒருதரம் கோயிலில் கண்டிருந்தார். கண்ட நாளிலிருந்து நித்திரையைக் கூடக் குறைத்துக்கொண்டார் என்றால் அவருடைய நிலைமை விளங்கும்.

ஆவணியில் நாள் வைப்பதாக இருந்தது. ஆடியில் வந்த பாடத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. திருத்துகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். விடுமுறைக்கு நிலாவெளிக் கடற்கரைக்கு வருவதாகவும், இவ்வளவு திறமையான மாணவரை நேரில் காண விரும்புவதாகவும் எழுதி, "வரலாமா?" என்று கேட்டிருந்தார்.

கேட்டிருந்தார். அதுதான் வினை. அண்ணன் அந்தக் குறிப்பைக் காணுமுன் பதில் போய்விட்டது. "ஓம், வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி." விலாசமும், பஸ் எந்தச் சந்தியில் நிற்கும் என்பதும் எழுதியிருந்தாளாம்.

"உனக்கு விசரோடி?" என்று நான் கத்தினேன்.

"வரலாமோ எண்டு கேட்டவர். என்னெண்டு சும்மா விடுறது?" என்றவள் பிறகுதான் அழத் தொடங்கினாள். "உண்மை தெரிஞ்சால் அண்ணன்ர கலியாணம் போச்சு. பாடமும் நிண்டுபோம். எனக்கு அந்தப் பாடம் இல்லாமல் இருக்க ஏலாதடி."

அவள் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. போதாக்குறைக்குப் பெருமை தாங்காத அவளுடைய அம்மா இந்த வருகையைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தலைமை வாத்தியாரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். ஏறவில்லை. கடைசியில் எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற மூன்று பதிலைப் பாடமாக்க வைத்தாள். ஒன்று: "அது நிபந்தனையைப் பொறுத்தது ஐயா." இரண்டு: "பொதுவாக ஓம், ஆனால் எல்லையில் கவனம் வேணும்." மூன்று: "அதை வேற வழியாலும் நிறுவலாம்." பட்டம் பெற்ற பலரோடு பிற்காலத்தில் பழகியிருக்கிறேன். இந்த மூன்றுக்கு மேல் பெரிதாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஞாயிறு வந்தது. அவளுடைய அம்மா என்னைக் கூப்பிட்டு, "இவளோட குசினிக்குள்ள இரு புள்ள. வாயைத் திறந்தால் பொத்து" என்றார். அவளே ஒரு பெரிய பனங்கட்டித் துண்டை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். கதவு இடுக்கால் முன்னறை தெரிந்தது. கொழும்புக்காரர் மெலிந்த உயரமான மனிதர், செருப்பில் நிலாவெளி மணல். தலைமை வாத்தியார் நல்ல கதிரையில், குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டு இருந்தார். அண்ணன் சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டியிருந்தார்.

"போன பாடத்தில அந்தத் தொடர் ஒருங்கும் எண்டு எழுதியிருந்தீங்க. எப்பவும் ஒருங்குமோ?"

"அது நிபந்தனையைப் பொறுத்தது ஐயா."

கொழும்புக்காரர் தலையாட்டினார். தலைமை வாத்தியார் குடையால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார். சந்தோஷத் தட்டு.

"அப்ப அதை உறுப்பு உறுப்பாத் தொகையிடலாமோ?"

"பொதுவாக ஓம். ஆனால் எல்லையில் கவனம் வேணும்."

எனக்குப் பக்கத்தில் பனங்கட்டி நறநறவென்று நொறுங்கியது. அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. சரியான பதில் தொண்டை வரைக்கும் வந்து நிற்பதை நான் வெளியிலிருந்தே கண்டேன்.

"நல்லது. உங்களுக்கு இப்ப எத்தனை வயசு?"

"அதை வேற வழியாலும் நிறுவலாம் ஐயா."

"ஆழமான பொடியன்" என்று தலைமை வாத்தியார் மெல்லச் சொன்னார். ஆனால் அவருடைய குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

கொழும்புக்காரர் சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு விடைத்தாளை எடுத்தார். "ஐந்தாம் பாடம், ஏழாம் பக்கம். நிறுவலுக்கு நடுவில தமிழில ஒரு வரி இருக்கு. உங்கட கையெழுத்துத்தான். வாசிக்கிறன்: 'அண்ணா, இந்த இடத்தில் புதுப் பக்கம் எடுக்கவும். நித்திரை கொள்ள வேண்டாம்.'"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டாள். நண்டுக்கறி அன்றைக்குக் கொஞ்சம் கூடிவிட்டது போலும். மனிதர் அதையும் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

"தெரியாதவன் விடுகிற பிழை ஒரு மாதிரி. பாத்து எழுதிறவன் விடுகிற பிழை இன்னொரு மாதிரி" என்றார் கொழும்புக்காரர். குரலை உயர்த்தவில்லை. "நான் இருபது வருசமாத் திருத்திறன். இதைச் செய்தது ஆர்?"

வீடு முழுக்கக் கேட்கும்படியான கேள்வி. நான் அவளைப் பார்த்தேன். பனங்கட்டி முடிந்துவிட்டது. வாய் வெறுமையாக இருந்தது. இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"ஆர் செய்தது?" என்று அவர் திரும்பவும் கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. கண்ணால் நீர் ஓடியது, விரல்களுக்கு மேலால் வழிந்தது, சொல்லவில்லை. என் வாழ்நாளில் அவள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை நான் கண்டது அன்றுதான். அண்ணன் கதிரையிலிருந்து எட்டிக் கதவு இடுக்கைப் பார்த்தார். அவள் இருந்த நிலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து கதவைத் திறந்து, கையைப் பிடித்து அவளை முன்னறைக்குக் கொண்டுபோனார்.

"இவள்தான் ஐயா. பத்தாம் வகுப்பில துவங்கினவள், இப்ப பதினொண்டு. நான் பாத்து எழுதினனான். எனக்கு இதில ஒரு எழுத்தும் விளங்காது."

தலைமை வாத்தியார் எழுந்துவிட்டார். குடையைக் கக்கத்தில் வைத்தார். முகம் சிவந்திருந்தது. "அப்ப இவ்வளவு நாளும் நான் பாத்தது இந்தப் பிள்ளையின்ர படிப்போ? இந்தப் பொடியனை நம்பி என்னெண்டு நான் என்ர மகளைக் குடுக்கிறது?"

அவர் அதை யாரிடமும் கேட்கவில்லை. போகிற மனிதர் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை அது. அம்மா குசினி வாசலில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுக்கலாம்" என்றாள். "எனக்கு விளங்கினது, நான் எழுதினனான். அது லேசு. அண்ணாவுக்கு ஒரு எழுத்தும் விளங்கேல்ல. விளங்காத ஒண்டை இரண்டு வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடாமல், நான் அழக்கூடாது எண்டதுக்காக இருந்து பாத்து எழுதினவர். நீங்க ஒரு பக்கம் எழுதிப் பாருங்கோ மாமா. அப்ப தெரியும்."

தலைமை வாத்தியார் நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய பார்வை கொழும்புக்காரரின் கையிலிருந்த தாளில், வலமும் இடமுமாகக் கிடந்த தூண்டில்களில் போய் நின்றது. போகவில்லை.

கொழும்புக்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, பள்ளிக்கூடச் சோதினை முடிக்காமல் பட்டச் சோதினை எழுத விடமாட்டினம். அதுக்கு இன்னும் காலம் இருக்கு. பாடத்தை நிப்பாட்ட வேண்டாம். இனிமேல் உம்முடைய கையெழுத்தில, உம்முடைய பேரில எனக்கு நேரே அனுப்பும். நான் திருத்தித் தாறன்."

அவள் தலையாட்டினாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நானும் துடைத்தேன், சொல்ல என்ன வெட்கம். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனை யாரும் பார்க்கவில்லை. அவர் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கதிரையில் மெல்ல இருந்தார். பாரம் இறங்கிய மனிதரின் முகமாக அது இருக்கவில்லை.

"அப்ப இனி ஞாயிற்றுக்கிழமையில நான் என்ன செய்யிறது?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் தலைமை வாத்தியார் முந்திக்கொண்டார்.

"நிலாவெளிக்கு வாரும்" என்றார்.